சத்திரத்தைப் பெயர்த்தெடுக்க முடியாது

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தூரம். இன்றைய பஸ் பயணிக்குப் பனவடலிசத்திரம் அந்த வழியில் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கோமதியம்மனைப் பார்க்க நடந்தும் வண்டி கட்டியும் போன சனங்களால் ஒரே பொழுதில் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. நிழலில்லாத கரிசல் வழியில் நடுவே தங்க இடமும் தண்ணீரும் வேண்டும். அந்தத் தேவை இன்றும் ஊர்ப்பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தென்னாட்டு வழிச் சத்திரம் பகட்டில்லாத கட்டடம். சாலையைப் பார்த்து நீளத் திண்ணை, கல்தூண்கள், உள்ளே முற்றம், சுற்றித் தாழ்வாரம், பின்னால் சமையல்கட்டு. வெளியே கிணறும் மாடுகளுக்குக் கல்தொட்டியும். சற்றுத் தள்ளிச் சுமைதாங்கிக் கல்: செங்குத்தாக நட்ட இரண்டு கற்களின் மேல் கிடத்திய ஒரு பலகைக் கல். தலைச்சுமைக்காரர் பிறர் கைக்குக் காத்திராமல் இறக்கிவைக்கவும் மறுபடி ஏற்றிக்கொள்ளவும் தோதான உயரம். பிள்ளைச்சுமையோடு இறந்துபோன பெண்களின் நினைவாகவே இவற்றில் பல நிறுத்தப்பட்டன. இதைவிடக் கனிவான கட்டுமானத்தை நான் அறியேன்.

எல்லாச் சத்திரமும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சாதி பார்த்துப் பந்தி வைத்த சத்திரங்கள் ஏராளம். யார் திண்ணையோடு நின்றார், யார் முற்றம் வரை போனார் என்பதை வாசலும் சுவரும் தீர்மானித்தன. கட்டடத்தை அளந்து வரைந்தால் அதுவும் தாளில் வந்துவிடும்.

1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் அமைத்த சாலைகளையும் சத்திரங்களையும் தென்மாவட்டங்கள் மறக்கவில்லை. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் நிற்கிறது. தஞ்சைப் பக்கம் ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 1802இல் கட்டிய முத்தாம்பாள் சத்திரத்தின் அடித்தளத்தில், கட்டடத்தையே தேராக இழுப்பதுபோல் குதிரையும் யானையும் செதுக்கியிருக்கிறார்கள். இவை பெரிய இடத்துச் சத்திரங்கள், அழகால் பிழைத்தன. சின்னச் சத்திரங்களின் வேலையை ரயில் எடுத்துக்கொண்டது. 1876இல் திருநெல்வேலிக்கும் 1927இல் சங்கரன்கோவிலுக்கும் ரயில் வந்துவிட்டது. நடந்து போகிறவர் குறைந்தபின் வழியில் தங்குமிடம் எதற்கு?

கட்டடக்கலையின் நினைவைக் காக்கச் சில நாடுகள் தனி நிறுவனமே வைத்திருக்கின்றன. ஜப்பான் 2013இல் டோக்கியோவில் நவீனக் கட்டடக்கலைக்கான தேசிய ஆவணக் காப்பகத்தைத் திறந்தது. வரைபடங்களும் மாதிரிகளும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. நம் பக்கத்தில் அதற்கு நெருக்கமாக வருவது, சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் 1984இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் நடத்துவது. வளாகத்தை வடிவமைத்தவர் லாரி பேக்கர். இடிபடவிருந்த பழைய வீடுகளை வாங்கி, பிரித்து, கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, காஞ்சிபுரம் நெசவாளர் வீடு, திருநெல்வேலி மாவட்டத்து அக்கிரகார வீடு எல்லாம் அங்கே உண்டு.

கேரளத்து மரவீடுகள் பொருத்துகளால் நிற்பவை. துண்டு துண்டாக எண் போட்டுக் கழற்றி, லாரியில் ஏற்றி, அதே வரிசையில் மாட்டிவிடலாம். தமிழ்நாட்டு வீட்டில் அது நடக்காது. செங்கல்லும் சுண்ணாம்பும் ஒன்றாக இறுகிப்போனவை. கதவு, தூண், உத்தரம் மட்டுமே முழுசாகக் கைக்கு வரும். சுவரைப் புதிதாகத்தான் கட்டியாக வேண்டும். எந்தச் சுவர் எங்கே, எவ்வளவு கனம் என்று இடிப்பதற்கு முன்பே அளந்து வைத்திருந்தால்தான் அந்த வீடு மறுபடி அந்த வீடாகும்.

சத்திரத்துக்கு இந்த வைத்தியமும் பலிக்காது. கல்லை எண் போட்டுக் கழற்றி முட்டுக்காட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். போகிற வழியையும், நடந்த களைப்பையும், அடுத்த ஊருக்கு மிச்சமிருக்கும் தூரத்தையும் கொண்டுபோக முடியுமா? அவை இல்லாவிட்டால் சத்திரம் வெறும் மண்டபம். ஆகவே அதற்கு இருக்கிற ஒரே அருங்காட்சியகம் தாள்தான்.

தாளுக்கும் படத்துக்கும் எவ்வளவு பலம் என்பதைப் புதுச்சேரி காட்டியிருக்கிறது. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மறு ஆண்டிலிருந்தே தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்துவந்தது. இன்று அதன் சேகரிப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். ஸ்ரீபுரந்தானில் களவுபோன நடராஜரும் விருத்தாசலத்து அர்த்தநாரியும் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியதற்கு அந்தப் படங்கள் சாட்சியாக நின்றன. கோயிலுக்கு அப்படி ஒரு சாட்சி இருக்கிறது. வழிச் சத்திரத்துக்கும், தார்சாவும் பட்டாசலும் மச்சுமாக இருக்கும் நெல்லைச் சீமை வீட்டுக்கும் அந்த அளவில் எதுவும் சேரவில்லை.

செய்யச் செலவு அதிகமில்லை. கட்டடக்கலை மாணவர் நாலு பேர், அளவு நாடா, கேமரா, ஊரில் விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர். திருநெல்வேலி–சங்கரன்கோவில் சாலை நெடுகப் பழைய மண்டபம், கிணறு, கல்தொட்டி, சுமைதாங்கி என்று எது நின்றாலும் அளக்க வேண்டும். தூணின் உயரத்தோடு, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு தூரம் என்பதையும் குறிக்க வேண்டும். ஒரு பிரதி பஞ்சாயத்து அலுவலகத்தில், ஒன்று திருநெல்வேலி அரசு அருங்காட்சியகத்தில் இருக்கட்டும். சாலையை அகலப்படுத்தும்போது ஓரத்தில் நிற்பவைதான் முதலில் போகின்றன. அளக்கும் வேலை அதற்கு முன்பே நடந்தாக வேண்டும்.