ஒரே பாவு, இரண்டு கட்டம்

முதலில் நானும் திருப்பூரிலிருந்துதான் வெற்று டி-ஷர்ட் வாங்கி வந்தேன். 180 ஜி.எஸ்.எம்., கறுப்பு. நெஞ்சில் தமிழ் எழுத்தை ஸ்கிரீன் பிரின்ட் போட்டு இன்ஸ்டாகிராமில் விற்றேன். நன்றாகவே போனது. ஆனால் அதே துணியில், அதே தையலில், வேறு ஊர்ப் பையன்களும் வேறு எழுத்தைப் போட்டு விற்றார்கள். அந்த எழுத்தை அழித்துவிட்டால் என்னுடையது என்று சொல்ல அதில் ஒன்றும் மிஞ்சாது. அதுவும், வாசலுக்கு வந்தாலே விசைத்தறிச் சத்தம் கேட்கும் சங்கரன்கோவிலில் உட்கார்ந்துகொண்டு!

ஸ்ட்ரீட்வேர் எங்கே தொடங்கியது என்று தேடிப் படித்தது அப்போதுதான். கலிபோர்னியாவில் ஷான் ஸ்டூஸி அலைச்சறுக்குப் பலகை செய்கிறவர். பலகையில் போடும் கையெழுத்தையே 1980களின் தொடக்கத்தில் டி-ஷர்ட்டிலும் அச்சடித்தார். சட்டைக்கு முன்பே அவரிடம் ஊரும் தொழிலும் இருந்தன. எனக்கு என்ன இருக்கிறது என்று யோசித்தால், தறி இருந்தது.

தெரிந்த அண்ணாச்சியின் தறிக்கூடத்தில் கட்டம் போட்ட காட்டன் சேலைகளை எடுத்தேன். “பொம்பளையாளுக கட்டுத சேலையாச்சே தம்பி, இதுலயா சட்டை தைக்கப் போற?” என்றார். சேலைக்கு இரண்டு சட்டை வந்தது. மாதம் தாங்கவில்லை, அக்குள் தையலோரம் நூல் விலகிவிட்டது. துணி திடமாக வேண்டுமென்றால் குறுக்கே ஓடும் ஊடை நூலை இன்னும் நெருக்கி அடிக்க வேண்டும். நெருக்கினால் ஒரு நாளில் நெய்யும் மீட்டர் குறையும். குறைகிற மீட்டருக்கும் சேர்த்துக் கூலி கொடுக்காமல் அந்தத் துணியைக் கேட்க எனக்கு உரிமை கிடையாது. என் சட்டையின் விலை அந்த இடத்தில்தான் முடிவானது.

அடுத்தது அளவு. நீளவாட்டில் ஓடும் நூல்தான் பாவு. தறியில் ஒரு பாவு ஏற்றினால் நூற்றுக்கணக்கான மீட்டர் ஓட்டியாக வேண்டும். முப்பது சட்டைக்கென்று புதுக் கட்டம் கேட்க முடியாது. பாவை அப்படியே விட்டு ஊடை நிறத்தை மட்டும் மாற்றச் சொன்னார் அண்ணாச்சி. அரக்கும் கறுப்பும் ஓடிய பாவில் ஊடையில் வெள்ளைக் கோடு போனால் ஒரு கட்டம். நீலக் கோடு போனால் இன்னொரு கட்டம். இரண்டையும் அருகருகே விரித்துப் பார்த்த அன்று கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாக் கொடி ஏறியிருந்தது. கோமதி அம்மன் தவமிருந்து கண்ட உருவம்தானே எங்கள் சங்கரநாராயணர்: வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். சட்டையின் வலப்பக்கத்தை ஒரு கட்டத்திலும் இடப்பக்கத்தை மறு கட்டத்திலும் வெட்டினேன். சாமி படத்தைச் சட்டையில் அச்சடிக்க எனக்கு என்றைக்கும் மனம் வந்ததில்லை. இது போதும் என்று பட்டது.

வெட்டுவதுதான் சிரமம். பித்தான் பட்டியில் இரண்டு பாதியும் சேரும்போது குறுக்குக் கோடுகள் முறியாமல் ஓட வேண்டும். ஊடை கட்டத்துக்கு ஒரு நூல் பிசகினாலும், கழுத்தில் சேர்ந்த கோடு அடி விளிம்பில் அரை விரல் விலகி நிற்கும். அதனால் துணியை அடுக்கி வைத்து மொத்தமாக வெட்டுவதில்லை. கட்டத்துக்குக் கட்டம் குண்டூசி குத்தி, ஒவ்வொரு சட்டையாகத்தான். எங்கள் தையல்கார அக்கா கத்தரியை எடுக்கும் முன் துணியை உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிடுவார். கோணல் இருந்தால் கண்ணுக்கு முன்னால் அவர் கைக்குத் தெரிந்துவிடும்.

ஒருமுறை சிவப்புச் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை. சட்டை வாங்கியவர், இளஞ்சிவப்பாகிப்போன தன் வேட்டியைப் படமெடுத்து அனுப்பினார். அந்தப் பாவில் வந்த எல்லாச் சட்டைக்கும் பணத்தைத் திருப்பினேன். 1960களில் அமெரிக்காவில் நம் கட்டத் துணியை ‘ப்ளீடிங் மெட்ராஸ்’ என்று, சாயம் கசிவதையே சிறப்பாகச் சொல்லி விற்றார்கள். துவைக்கத் துவைக்க நிறங்கள் கலந்து அழகாகத்தான் இருந்திருக்கும். என் சட்டையை வாங்குகிறவர்கள் வீட்டிலோ எல்லாத் துணியும் ஒரே வாளியில் ஊறும். இப்போதெல்லாம் வெட்டும் முன்பே துணியை நனைத்து, ஈரத்தோடு வெள்ளைத் துண்டில் அழுத்திப் பார்த்துவிடுகிறேன்.

பாவு தீர்ந்தால் அந்தக் கட்டமும் தீர்ந்தது. அரக்குக் கட்டம் கேட்டு இன்னும் எழுதுகிறார்கள். அடுத்த பாவுக்குப் புளியங்குடி எலுமிச்சை நிறத்தில் நூல் வந்திறங்கியிருக்கிறது. ஊடைக்கு என்ன நிறம் என்று அண்ணாச்சி இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.