ஃபேன் சுத்துது, படம் வரலை

பட்டனை அழுத்துகிறீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் பலமாக. அப்புறம் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தட்டு. ரேடியோ, டி.வி. என்று தலைமுறை தலைமுறையாகத் தட்டியே பழகிய கை அல்லவா?

தயவுசெய்து கம்ப்யூட்டரைத் தட்டாதீர்கள். உள்ளே இருப்பது பழைய ரக ஹார்ட் டிஸ்க் என்றால், அதன் தட்டு பெரும்பாலும் நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. எழுதிப் படிக்கும் முனை அதன்மேல் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான உயரத்தில் மிதக்கிறது. நீங்கள் கொடுக்கும் அறை அங்கே பூகம்பம்.

செல்போன் காலத்தில் டெஸ்க்டாப்பா என்று சிரிக்க வேண்டாம். டியூஷன் எடுக்கிற டீச்சர் வீட்டில், டைப்பிங் வேலை செய்கிற அக்கா வீட்டில், கடைக் கணக்கு பார்க்கிற குடும்பத்தில் அது இன்னமும் மூலையில் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு பிள்ளையார் படமும் இருக்கும்.

'ஸ்டார்ட் ஆகலை' என்பது ஒரு வியாதியின் பெயரே இல்லை. 'உடம்பு சரியில்லை' என்கிற மாதிரி. விளக்கே எரியவில்லையா? விளக்கு எரிந்து, ஃபேன் சுற்றி, திரை மட்டும் இருட்டா? திரையில் எழுத்து வந்து, விண்டோஸ் வராமல் நிற்கிறதா? மெக்கானிக்குக்கு போன் போடும் முன் இதைக் கவனித்துவிட்டால் பாதிப் பணம் மிச்சம். ஏனென்றால் முதலாவது மின்சாரத் தகராறு, மூன்றாவது பெரும்பாலும் டிஸ்க் அல்லது விண்டோஸ் சமாசாரம். நடுவில் இருக்கிறதே, அதுதான் வில்லங்கம்.

என் பி.காம். தோழன் ஒருவன் புறநகரில் பெயின்ட் கடை வைத்திருக்கிறான். 2024 ஜனவரி, பொங்கலுக்கு முந்தின வாரம். பெயின்ட் கடைக்காரனுக்கு அதுதான் சீசன். மேஸ்திரிகள் டப்பா டப்பாவாகக் கடனில் தூக்கிப் போவார்கள், வேலை முடிந்து வீட்டுக்காரர் பணம் கொடுத்ததும் கட்டுவார்கள். யார் எவ்வளவு பாக்கி என்பதைத் தினமும் ராத்திரி துண்டுச் சீட்டுகளைப் பார்த்து வீட்டு கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவன் மனைவி. ஏற்றியதும் சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிடுவார். நாலே கால் லட்சம் ரூபாய் பாக்கி, ஒரே ஒரு பெட்டிக்குள். 9-ம் தேதி காலை அந்தப் பெட்டி எழுந்திருக்கவில்லை. 11-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.க்கு விற்பனைக் கணக்கு வேறு ஏற்றியாக வேண்டும்.

தெருமுனையிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். ஐந்து நிமிஷம். "மதர்போர்டு போயிடுச்சு சார். புதுசா செட் போட்டுடுங்க, பதினெட்டாயிரம் ஆகும். டிஸ்க்கை ஃபார்மட் அடிச்சுக் குடுத்துடறேன்" என்று சொல்லி, வந்து போன கூலி முந்நூறு வாங்கிக்கொண்டு போனார்.

எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுக்காரர் இல்லை. ஆனால் காமர்ஸ் படித்தவர்களுக்கு சஸ்பென்ஸ் அக்கவுன்ட் என்றால் என்னவென்று தெரியும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாமல், தப்பு எங்கே என்றும் பிடிபடாவிட்டால், வித்தியாசத்தைத் தற்காலிகமாகத் தூக்கி அதன் தலையில் போடுவோம். கம்ப்யூட்டர் ரிப்பேரில் அந்த சஸ்பென்ஸ் அக்கவுன்டின் பெயர் மதர்போர்டு.

"டேய், நீ கொஞ்சம் வந்து பாருடா" என்றான் நண்பன். போனேன். அவன் மனைவி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை போலிருந்தது. ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, ஞாபகத்திலிருந்து மேஸ்திரிகளின் பெயரையும் தொகையையும் எழுதிக்கொண்டிருந்தார். பதினோரு பெயரோடு பேனா நின்றிருந்தது.

ஃபேன் சுற்றியது, மானிட்டர் 'நோ சிக்னல்' என்றது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாகப் பிரித்துக் கொடுப்பது எஸ்.எம்.பி.எஸ். என்கிற தகரப் பெட்டி. ஃபேனுக்கு 12 மட்டும் போதும். ஆகவே ஃபேன் சுற்றுகிறது என்பதற்காக மற்றதெல்லாம் சரியாக வருகிறது என்று சத்தியம் செய்ய முடியாது. அந்தத் தகரப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கியடிக்கும் அளவு மின்சாரம் மிச்சமிருக்கலாம்.

1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி. காலத்திலிருந்தே, கம்ப்யூட்டர் எழுந்ததும் முதலில் தன் உடம்பைத் தானே தடவிப் பார்த்துக்கொள்ளும். எல்லாம் சரி என்றால் ஒரு 'பீப்'. சரியில்லை என்றால் வேறு மாதிரி பீப். இப்போது பல பெட்டிகளில் அந்தக் குட்டி ஸ்பீக்கரே வைப்பதில்லை. நோயாளி ஊமை.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்தோம். பக்கத் தகட்டைக் கழற்றினால் பஞ்சு பஞ்சாகத் தூசி, ஒரு பல்லி முட்டை ஓடு. ரேம் என்பது ஸ்கேல் மாதிரி நீளமான பலகை. இரண்டு முனையிலும் உள்ள காதுகளை விலக்கினால் மேலே எழும்பி வரும். அடிவிளிம்பில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள். கடற்காற்று, ஈரம், தூசி எல்லாம் படிந்து அவை மங்கிப் போனால், பெட்டி முழுவதும் செத்த மாதிரி நடிக்கும். பையனின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து பென்சில் ரப்பரை எடுத்து (மை அழிக்கிற சொரசொர ரப்பர் கூடாது) மெதுவாகத் தேய்த்தோம், துகளைத் துடைத்தோம். இரண்டில் ஒன்றை மட்டும் செருகி அழுத்தியதும் காதுகள் 'டிக்' என்று மூடிக்கொண்டன. டிரையல் பேலன்ஸைப் பக்கம் பக்கமாகத் தேடுவோமே, அதே வழி. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்ப்பது.

திரை வந்தது. கூடவே ஒரு புகார்: சிமாஸ் கோளாறு, எஃப்1-ஐ அழுத்து. அழுத்தினால் விண்டோஸ் எழுந்து, இன்றைய தேதி 2012 ஜனவரி 1 என்றது.

"அண்ணா, முதல்ல காப்பி எடுத்துக்கறேன்" என்றார் அவன் மனைவி. பென் டிரைவில் கணக்கு முழுவதும் ஏறி முடிகிற வரைக்கும் யாரும் பேசவில்லை.

தேதி குழம்பியதற்குக் காரணம் மதர்போர்டில் உள்ள காசு அளவு பேட்டரி, பெயர் சி.ஆர்.2032. பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். பிளக்கை அணைத்த பிறகும் கடிகாரத்தை ஓட்டுவது இதுதான். இது தீர்ந்துபோனதால்தான் ஜி.எஸ்.டி. தளமும் திறக்கவில்லை. அந்த மாதிரி தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. 2012-ல் உட்கார்ந்திருக்கிற கம்ப்யூட்டருக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. வாட்ச் கடையில் பேட்டரி வாங்கிப் போட்டு, தேதியைத் திருத்தியதும் தளம் கதவைத் திறந்தது. கணக்கு 10-ம் தேதியே ஏறிவிட்டது.

ரேம் தேய்த்தும் எழவில்லை என்றால்? அப்போதும் ஃபார்மட்டுக்குத் தலையாட்ட வேண்டாம். மதர்போர்டு நிஜமாகவே போனாலும் ஹார்ட் டிஸ்க் தனி ஆசாமி. கழற்றி, யு.எஸ்.பி. கேபிள் வழியாக இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் உள்ளே இருப்பதை எடுத்துவிடலாம். டிஸ்க்கிலிருந்து 'கடக் கடக்' என்று சத்தம் வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு, டேட்டா மீட்கத் தெரிந்தவரிடம் போங்கள். ஒவ்வொரு முயற்சியும் காயத்தைப் பெரிசாக்கும். புது விண்டோஸ் 11 பெட்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. டிஸ்க் பூட்டு போட்டே வருவது சகஜம். கழற்றி மாட்டினால் 48 இலக்கச் சாவி கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பெட்டி நன்றாக ஓடுகிறபோதே தேடி ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பெயின்ட் கடையில் இப்போது சனிக்கிழமைதோறும் பாக்கிப் பட்டியல் அச்சாகி ஃபைலுக்குப் போகிறது. அதிகத் தொகை முதலில் என்று அவரே வரிசைப்படுத்தி எடுக்கிறார். முதல் வாரம் நண்பன் அதைப் படித்துவிட்டு எதுவும் பேசாமல் என்னிடம் நீட்டினான். முதல் பெயர், அவன் மச்சான்.