60ஆம் இலக்க பஸ்ஸில் போன இடம்

கிழமையில் ஆறு நாள் பக்டரி மெசின் இரைச்சல். ஏழாம் நாள் தோர்ண்டன் ஹீத் தெரு இரைச்சல். கடற்கரைக்குப் போகக் கையில் காசில்லை. ஒரு ஞாயிறு புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு 60ஆம் இலக்க பஸ்ஸில் கூல்ஸ்டன் போனோம். 11 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காசில்லை.

மேடேறினால் பார்திங் டவுன்ஸ். லண்டன் சிற்றி நிர்வாகம் 1883இல் பொதுமக்களுக்கென வாங்கிய புல்வெளி. மாடு மேய்கிறது. (மழைக்குப் பிறகு போகாதீர்கள், சுண்ணாம்பு மண் சப்பாத்தை விடாது.) நுழைவுக் காசும் இல்லை. அம்மாதான் ஏறாமல் நின்றா.

“தம்பி, பாஸ் கேட்க மாட்டினமோ?”

ஒருவரும் கேட்கவில்லை. சாப்பிட்டதும் பாயில் சரிந்தவ அப்படியே நித்திரை. இங்கு வந்தபின் மாத்திரை இல்லாமல் அவ நித்திரை கொண்டதை அன்றுதான் கண்டேன். எழுப்ப மனம் வரவில்லை. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டோம்.