பாலிஷ் போடாத அறை

அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தவர்களுக்குக் ‘கண்டம்’ ரூம் தெரியும். கால் உடைந்த கட்டில், ஓடாத சக்கர நாற்காலி, துருவேறிய ட்ரே எல்லாம் ஏலத்துக்காகக் கிடக்கும் அறை. சென்னையில் ஒரு பழைய மருத்துவ நிறுவனம், அப்படியோர் அறையிலிருந்து மீட்ட அறுவைக் கருவிகளை வைத்துச் சிறிய அருங்காட்சியகம் அமைத்துவருகிறது. வேலை முடியும்வரை பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அந்த வேலையைப் பார்க்கப் போயிருந்தேன்.

முக்கியமாக இரண்டு பேர். ஒருவர் அரும்பொருள் பாதுகாப்பு படித்த இளம்பெண். இன்னொருவர் ஆபரேஷன் தியேட்டரில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர். அங்கே எல்லோருக்கும் அவர் ‘சிஸ்டர்’. கருவி எதனால் ஆனது, எது அதை அரிக்கிறது என்று முன்னவர் பார்க்கிறார். அதை எந்தக் கை எப்படிப் பிடித்தது என்று சிஸ்டர் சொல்கிறார்.

மேசையில் இருந்த பித்தளைச் சாமான்கள் மங்கிப்போயிருந்தன. “பாலிஷ் போட்டா புதுசு மாதிரி ஆயிடுமே?” என்றேன்.

“அதைத்தான் சார் இங்க யாரும் செய்யக் கூடாது” என்றார் அந்தப் பெண். “ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் உலோகம் கொஞ்சம் போயிடும். முதல்ல அழியறது முத்திரை.”

முத்திரைதான் கருவியின் பிறப்புச் சான்று. லண்டன் கருவித் தயாரிப்பாளரான ஜான் வைஸ் நிறுவனத்தின் பொருளில் ‘62, ஸ்ட்ராண்ட்’ என்ற முகவரி இருந்தால் அது 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பிறகு அந்த நிறுவனம் ஆக்ஸ்ஃபோர்டு தெருவுக்கு மாறிவிட்டது. இப்படி ஒரு வரி முகவரியிலிருந்து காலத்தைக் கணிக்கலாம். வீட்டில் குத்துவிளக்கு துலக்குகிற வேகத்தில் தேய்த்தால் அந்த வரி போய்விடும். நிக்கல் முலாம் பூசிய கருவி என்றால் முலாமும் கூடவே போகும்.

அன்று அவர் கையில் இருந்தது கை கால்களை வெட்டி எடுக்கப் பயன்பட்ட ஒரு ரம்பம். அலகு எஃகு, கைப்பிடி வெள்ளை. எலும்பா தந்தமா என்று கேட்டேன். பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். எலும்பாக இருந்தால் ரத்தக்குழாய் ஓடிய இடங்கள் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். இதில் புள்ளி இல்லை. கைப்பிடியின் வெட்டுமுகத்தில் மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. யானைத் தந்தம்.

சிக்கல் அங்கேதான். எஃகுக்கு ஈரம் ஆகாது. காற்றில் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதற்கு நல்லது. தந்தமோ அவ்வளவு வறட்சியில் வெடித்துவிடும். அதற்கு 50 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். சென்னைக் கடற்காற்றில் 70 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம், அதில் உப்பு வேறு. ஒரே கருவியின் இரண்டு பாதிகளுக்கு இரண்டு தட்பவெப்பம் தர முடியாது. எனவே நடுவில் ஓர் அளவை வைத்து, அது ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். அளவைவிட ஏற்ற இறக்கம்தான் பொருளை அதிகம் கெடுக்கிறது.

அந்தத் தந்தப் பிடியே ஒரு காலக் குறிப்பும்கூட. ஜோசப் லிஸ்டர் கிருமிநாசினி முறையை 1867இல் வெளியிட்டார். ஷார்ல் ஷாம்பர்லான் 1879இல் ஆட்டோகிளேவை உருவாக்கினார். கருவிகளைக் கொதிக்க வைப்பதும் நீராவியில் அவிப்பதும் வழக்கமானபோது, சூடு தாங்காத தந்தமும் கருங்காலியும் மெல்ல விடைபெற்றன. பிடிமுதல் நுனிவரை உலோகமான கருவிகள் வந்தன.

அந்தப் பெண் துரு எடுப்பதை நெடுநேரம் பார்த்தேன். மூங்கில் குச்சி, பஞ்சு, ஸ்பிரிட், ஒரு ஸ்கால்பெல், இவ்வளவுதான் ஆயுதம். செம்பொடியாக உதிர்கிற துருவை மட்டும் எடுக்கிறார். உலோகத்தோடு ஒட்டி இறுகிய கறுப்புப் படலத்தைத் தொடுவதில்லை; அதைச் சுரண்டினால் கீழே புதுத் துரு பிடிக்கும். ரம்பத்தின் பல்லிடுக்கில் கறுப்பாக ஏதோ உறைந்திருந்தது. ரத்தமாக இருக்கலாம், வெறும் எண்ணெய்ப் பிசுக்காகவும் இருக்கலாம். அதைக் கழுவவில்லை, படம் எடுத்து, குறிப்பு எழுதி, அப்படியே விட்டார். கடைசியாக அலகுக்கு மட்டும் மெல்லிய மெழுகுப் பூச்சு.

அலமாரியில் எதை எதன் பக்கத்தில் வைப்பது என்பதும் ஒரு கணக்கு. பழைய ரப்பர் குழாயிலிருந்து கந்தக ஆவி கசியும். பக்கத்தில் வெள்ளிக் கதீட்டர் இருந்தால் கறுத்துவிடும். பெட்டியின் உள்ளே ஒட்டிய கம்பளித் துணியும் இதையே செய்யும். ஆனாலும் பெட்டியைத் தூக்கி எறிவதில்லை. எந்தக் கருவி எந்தக் குழியில் இருந்தது, எது காணாமல்போனது என்று சொல்வது அந்தப் பெட்டிதான்.

ஆபத்தான பொருள்களும் உண்டு. தீப்புண்ணுக்குப் போட்ட பிக்ரிக் அமிலம் பாட்டிலில் காய்ந்து கிடந்தால் வெடிக்கும். அதைத் திறந்துபார்க்கக் கூடாது. ரிவா ரோச்சி 1896இல் அறிமுகப்படுத்திய ரத்த அழுத்தமானியின் வழிவந்த பாதரசக் கருவிகளும் வரிசையாக நிற்கின்றன. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் வந்தபின் மருத்துவமனைகள் இவற்றைக் கழிக்கின்றன. இங்கே கீழே தட்டு வைத்து, கசிகிறதா என்று கவனித்து வைத்திருக்கிறார்கள்.

கண்ணாடி சிரிஞ்சுகள் இருந்த டப்பாவைத் திறந்ததும் பேச்சு சிஸ்டர் கைக்குப் போனது.

“இங்க பாரும்மா, குழாய்லயும் நம்பர் இருக்கும், உள்ள தள்ளுற தண்டுலயும் நம்பர் இருக்கும். ரெண்டும் ஒண்ணா இருக்கணும். மாத்திப் போட்டா ஒண்ணு இறுகும், இல்லேன்னா மருந்து ஒழுகும்.”

ஒவ்வொரு தண்டும் அதனதன் குழாய்க்கென்றே தேய்த்துப் பொருத்தப்பட்டது என்பதால் அந்த எண். ஊசி முனை மழுங்கினால் கல்லில் தீட்டுவதையும், துளை அடையாமலிருக்க மெல்லிய கம்பியைச் செருகி வைப்பதையும் விரலால் செய்துகாட்டினார். இளம்பெண் வீடியோ எடுத்தார். இதெல்லாம் எந்தத் தயாரிப்பாளரின் விலைப்பட்டியலிலும் இருக்காது.

எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே நகரில் சான்று உண்டு. 1819இல் தொடங்கிய எழும்பூர் கண் மருத்துவமனையில் பணியாற்றிய ராபர்ட் ஹென்றி எலியட், க்ளாக்கோமா எனும் கண் அழுத்த நோய்க்கு 1909இல் ஓர் அறுவை முறையை வெளியிட்டார். ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள உருளைக் கத்தியை விரல்களால் திருகி, கருவிழியும் வெண்விழியும் சேரும் இடத்தில் துளையிட்டு நீரை வடியவிடுவது. எலியட் ட்ரெஃபைன் என்ற பெயரில் அந்தக் கருவி உலகம் சுற்றியது. காரணம், அவர் நூலே எழுதினார். அதே காலத்தில் ஊசியால் கண்புரையைத் தள்ளிவிட்ட நாட்டு வைத்தியர்களைப் பற்றியும் அவரே எழுதினார், அவர்களால் கெட்ட கண்களைச் சோதித்த எதிர்த்தரப்பு மருத்துவராக. அவர்கள் தரப்பைச் சொல்ல அவர்கள் எழுதிய நூல் நம் கையில் இல்லை.

சேர்ப்பது மட்டும் போதாது. லண்டனில் ஹென்றி வெல்கம் பத்து லட்சத்துக்கு மேல் பொருள்களைச் சேர்த்தார். 1936இல் அவர் இறந்தபின் அவற்றைப் பிரித்து ஒழுங்குபடுத்தவே பல பத்தாண்டுகள் ஆயின. இங்கே ஒரு கருவி உள்ளே வந்தால் முதலில் பதிவேடு, பிறகுதான் பஞ்சு. எண்ணைக்கூட நேராக உலோகத்தில் எழுதுவதில்லை. கண்ணில் படாத இடத்தில் ஒரு பிசின் பூச்சு, அதன் மேல் மையில் எண், அதன் மேல் மறுபடி பூச்சு. வேண்டும்போது தடமில்லாமல் துடைத்துவிடலாம்.

மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பழைய சாமானை ஏலத்துக்கு அனுப்புமுன் ஓய்வுபெற்ற ஒரு தியேட்டர் செவிலியரை அழைத்து, அரை நாள் அந்த அறையில் உட்கார வையுங்கள். வீட்டில் டாக்டர் தாத்தாவின் பெட்டி இருப்பவர்களும் அதைத் துலக்க வேண்டாம், கருவிகளைப் பெட்டியிலிருந்து பிரிக்க வேண்டாம். யார், எந்த ஊரில், எதற்குப் பயன்படுத்தினார் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் போடுங்கள். அந்தத் தாள் இல்லாத கருவிக்குக் காயலான் கடைக்காரர் தரும் விலைதான் சரியான விலை.