எட்டாவது கோட்டை

உங்கள் வீட்டுப் பரணில் கைவிட்டுப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூல் போட்டு ஏறிப் பாருங்கள். போகியில் எரிக்க மனசு வராத சாமான்கள் கண்டிப்பாக நாலாவது இருக்கும். திண்டிவனத்தில் என் அத்தை வீட்டுப் பரணில் 28 வருஷமாக ஒரு வீடியோ கேம் இருந்தது. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த 28 வருஷமும் அதற்காகக் காத்திருந்தேன் என்றால் சிரிப்பீர்கள்.

நான் விழுப்புரத்துப் பையன். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. 90களில் வளர்ந்தவர்களுக்கு சாமுராய், லிட்டில் மாஸ்டர் என்ற பெயர்களைச் சொன்னாலே கட்டை விரல் துடிக்கும். ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 1983-ல் விட்ட விளையாட்டுப் பெட்டியின் ஒன்றுவிட்ட தம்பிகள் அவை. டி.வி-யில் மாட்டி, கேசட்டைச் செருகினால் மரியோ ஓடுவான். கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே நிஜமாக இருப்பது ஏழெட்டு கேம்தான். அதையே வேறு வேறு இடத்தில் ஆரம்பித்து 9999 ஆக்கியிருப்பார்கள். இது தெரிந்தும் நாங்கள் 9999-ஐ நம்பினோம். நம்புவதற்குத்தானே எண்கள்!

அப்பாவிடம் கேட்டேன். விலையைக் கேட்டதும் பேப்பரை மடித்து வைத்தார். "ஆனிவல் பரீட்சை முடியட்டும், பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் 'கிடையாது' என்று அர்த்தம். ஊரில் மணிக்கணக்கில் வாடகைக்கு கேம் விடும் கடை ஒன்று இருந்தது. அங்கே பெரிய பையன்கள் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டு, பின்னால் நின்று வேடிக்கை பார்க்கத்தான் நமக்கு யோகம்.

திண்டிவனத்தில் அத்தை பையனிடம் சாமுராய் இருந்தது. அவன் என்னைவிட இரண்டு வயசு பெரியவன். ஆக, என் காலண்டரில் ஒரே ஒரு பண்டிகைதான்: மே மாத லீவு. அப்போது அந்த லைன் மீட்டர் கேஜ். பாசஞ்சரில் ஏறினால் முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை வாசனை வரும். விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ரயில் நின்று மூச்சு வாங்கும். திண்டிவனம் வந்ததும் வெள்ளரிப்பிஞ்சுக்காரர்கள் ஜன்னலுக்கு ஓடி வருவார்கள். மற்ற நாள் என்றால் வாங்கித் தரச்சொல்லி அழுவேன். மே மாதத்தில் மட்டும் திரும்பியே பார்க்க மாட்டேன்.

1985-ல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஆடாதவர்களுக்காக ஒரு நிமிஷம். மீசைக்கார பிளம்பர் ஒருவன் இளவரசியைத் தேடிப் போகிறான். 8 உலகம், ஒவ்வொன்றிலும் 4 கட்டம், மொத்தம் 32. ஏழு கோட்டைகளின் முடிவிலும் ஒரு காளான் தலையன் நன்றி சொல்லிவிட்டு, இளவரசி இங்கே இல்லை, வேறு கோட்டையில் இருக்கிறாள் என்று கையை விரிப்பான். தாலுகா ஆபீஸ் போய் வந்தவர்களுக்கு இது புதுசில்லை. எட்டாவது உலகத்தின் நாலாவது கட்டத்தில்தான் அவள் இருக்கிறாள். அதுவோ சுற்றிவிடும் கோட்டை. தப்பான குழாயில் இறங்கினால் வந்த இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும். ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் சேர்ந்து வடிவமைத்த இந்த மொத்த விளையாட்டும் வெறும் 40 கிலோபைட். உங்கள் போனில் காலையில் வந்து விழுந்த ஒரு குட்மார்னிங் படத்துக்குக்கூட அது போதாது. இடத்தை மிச்சம் பிடிக்க மேகத்தையும் புதரையும் ஒரே படமாக வைத்திருக்கிறார்கள். மேலே இருந்தால் வெள்ளை, கீழே இருந்தால் பச்சை. நாற்பது வயதில் இதைப் படித்துவிட்டு, பழைய நண்பனின் தங்கையை அடையாளம் கண்ட மாதிரி திகைத்துப்போனேன்.

1996 மே. மச்சான் குறுக்கு வழி கண்டுபிடித்திருந்தான். 1-2ல் கூரைக்கு மேலே ஏறி ஓடினால் நாலாவது உலகம். 4-2ல் ஒரு செங்கல்லை முட்டினால் கொடி முளைக்கும். அதில் ஏறினால் நேரே எட்டுக்குப் போகலாம். ஒரு சாயங்காலம் 8-4 வரை கொண்டுபோய்விட்டான். அதுவரை எங்கள் தெருவில், ஏன், எனக்குத் தெரிந்த உலகத்தில் யாரும் அங்கே போனதில்லை.

"இந்தாடா, இத நீ ஆடு" என்று கன்ட்ரோலரை என் கையில் கொடுத்தான். ஏன் கொடுத்தான் என்று இன்றைக்கும் புரியவில்லை. நான் முதல் குழாயைத் தாண்டினேன். கரன்ட் போய்விட்டது.

இதில் சேமித்து வைக்கிற வசதியெல்லாம் கிடையாது. மறுபடி 1-1. அன்றைக்கு ராத்திரி கரன்ட் வந்து போய், வந்து போய்க் கண்ணடித்தது. "நாளைக்கு 8-4 உனக்குத்தான்" என்றான் மச்சான். காலையில் எழுந்து டி.வி-யைப் போட்டால் சத்தம் மட்டும் வருகிறது, படம் வரவில்லை.

மெக்கானிக் வந்து பின்பக்கத்தைக் கழற்றி, எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். "இந்த கேம மாட்டினா பிக்சர் டியூப் போவத்தான் செய்யும்" என்றார். அப்போது ஊர் பூராவும் இருந்த நம்பிக்கை அது. அசையாத படம் நாள்கணக்கில் அப்படியே நின்றால் டியூபில் தழும்பு விழும் என்பது உண்மைதான். ஓடுகிற மரியோ டியூபைச் சாகடிக்க மாட்டான். ஆனால் 12 வயசுப் பையன் மெக்கானிக்கோடு வாதாட முடியுமா?

என்னைக் கூட்டிப்போக வந்த அப்பாவிடம் மாமா சொன்னார்: "பையன் வந்து ஆடினதுலதான் போச்சு. செலவுல பாதி நீ போட்டுடு."

அப்பா ஒன்றும் பேசவில்லை. சொசைட்டியில் லோன் போட்டு அடுத்த வாரமே 1,500 ரூபாய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் திண்டிவனம் வாசற்படி மிதிக்கவில்லை. அத்தை அவருக்குக் கூடப் பிறந்த ஒரே அக்கா. பொங்கல் சீர் மணியார்டரில் போனது. கல்யாணம், காதுகுத்து என்றால் அம்மா மட்டும் போனாள். மே மாத லீவு எனக்கு வெறும் வெயில் ஆனது. அப்பாவிடம் ஒரு தடவைகூட அதற்காகத் திட்டு வாங்கியதில்லை. திட்டியிருந்தால் தேவலை. 2011-ல் அப்பா போனபோது அத்தை வந்து அவர் காலடியில் உட்கார்ந்தவள், எடுக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

2024 மே மாதம் மச்சான் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. முதல் நாளே குடும்பத்தோடு போய்விட்டேன். பரணிலிருந்து அண்டா எடுக்க ஏறிய மச்சான், கூடவே ஒரு அட்டைப் பெட்டியையும் இறக்கினான். உள்ளே தினத்தந்தியில் சுற்றி, அதே சாமுராய்.

"தூக்கிப் போட்டிருப்பேன்னு நெனச்சியா?" என்றான்.

ராத்திரி பந்தி முடிந்து, பெண்கள் பூ கட்டிக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் கடை வைத்தோம். நல்லவேளை, புது டி.வி-யின் முதுகிலும் மஞ்சள், வெள்ளை ஓட்டைகள் இருந்தன. கேசட்டில் ஃபூ ஃபூ என்று ஊதுவோமே, அது தப்பு. எச்சில் ஈரம் பட்டால் உலோகக் காலெல்லாம் களிம்பேறிவிடும். பென்சில் ரப்பரால் தேய்த்தோம். மூன்றாம் தடவை செருகியதும் நீல வானம் வந்தது. அந்தப் பாட்டும் வந்தது. என் பையன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, "அவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டு மறுபடி குனிந்துகொண்டான்.

முதல் பூச்சியிலேயே செத்தேன். 40 வயது விரலுக்கு மூளை சொல்வது போய்ச்சேர நேரமாகிறது. அப்புறம், ஆட்டம் முடிந்த பிறகு 'ஏ' பட்டனை அமுக்கிக்கொண்டே ஸ்டார்ட் தட்டினால் செத்த உலகத்தின் முதல் கட்டத்திலிருந்தே ஆரம்பிக்கலாம் என்ற வித்தையைப் பையன்தான் போனில் தேடிச் சொன்னான். 1996-ல் இது தெரியாமல் எத்தனை மதியங்களை வீணடித்திருக்கிறோம்!

பதினொன்றரை மணிக்கு 8-3. அத்தை தூக்கம் வராமல் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். எழுபத்தெட்டு வயது. மாமா 2019-ல் போய்விட்டார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த டிவி இதனால போவலடா" என்றாள்.

மச்சான் ஸ்டார்ட் பட்டனைத் தட்டினான். மரியோ அந்தரத்தில் நின்றான்.

"பொங்கல்லேர்ந்தே விட்டு விட்டுத்தான் எரிஞ்சிது. கோடு கோடா வரும், தட்டுனா நிக்கும். மெக்கானிக்கு அப்படிச் சொன்னதும் மாமா அதையே புடிச்சிக்கிட்டாரு. கையில காசில்ல. எனக்குத் தெரியும். நான் வாயத் தொறக்கல." அத்தை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அவன் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவன் கேக்கவே இல்லியே."

என்ன சொல்வது? அப்பா இருந்திருந்தால் பேப்பரை மடித்து வைத்திருப்பார். அவருக்குமே தெரிந்திருக்குமோ என்று முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. தெரிந்துதான் பேசாமல் கொடுத்தாரா? யாரிடம் போய்க் கேட்க!

"விடு அத்தை" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

மச்சான் 8-3ஐ முடித்தான். திரை கறுத்து, 8-4 என்று எழுத்து வந்தது. அவன் என்னைப் பார்க்காமலே கன்ட்ரோலரை நீட்டினான். முதல் குழாயைத் தாண்டினேன். கரன்ட் இருந்தது. அடுத்த குழாய் தப்பு, சுற்றி வந்தேன். மறுபடி தப்பு. தண்ணீருக்குள் போகிற வழியைக் கண்டுபிடிப்பதற்குள் ஐந்து உயிர் போனது. பந்தலில் சீரியல் லைட்டை அணைத்துவிட்டார்கள். அத்தை மட்டும் எழுந்து போகவில்லை.

"அந்தப் பொண்ணு வந்துச்சாடா?" என்றாள்.

"இன்னும் இல்ல அத்தை. இதே கோட்டைதான்."