சொட்டுகிற பம்ப்

காரின் வாட்டர் பம்பில், ஷாஃப்டுக்கு நேர் கீழே ஒரு சின்னத் துளை இருக்கும். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால்தான் கண்ணில் படும். தெரிந்தேதான் அதை வைத்திருக்கிறார்கள். துளைக்கு ஒரு பக்கம் கூலன்டைத் தடுத்து நிறுத்தும் சீல். மறுபக்கம் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங். சீல் தேய்ந்து கூலன்ட் கசிய ஆரம்பித்தால், அது பேரிங்குக்குள் புகுந்து கிரீஸைக் கெடுக்காமல் வெளியே சொட்டிப் போக ஒரு வழி. வண்டிக்காரருக்கு அதுவே முன்னெச்சரிக்கை.

“லீக் ஆச்சு, அடைச்சு விட்டுட்டேன்” என்று இந்தத் துளையில் பசையை அப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. சொட்டுவது நின்றுவிடும். ஆனால் கூலன்ட் பேரிங் பக்கம் போகும். அந்த பம்ப் எந்த ஊர் எல்லையில் இறுகி நிற்கும் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

துளையைச் சுற்றி லேசாகக் காய்ந்த கறை தெரிந்தால் மட்டும் பதற வேண்டியதில்லை. சீல் என்பது ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி உரசும் இரண்டு வளையங்கள். ஒன்று கார்பன், மற்றது பீங்கான் வகை. ஸ்பிரிங் ஒன்று அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும். இடையில் மிக மெல்லிய ஏடாகக் கூலன்ட் நின்றால்தான் இரண்டும் சூடாகாமல் வழுக்கி ஓடும். அதில் துளியூண்டு ஆவியாகி வெளியேறுவது இயல்பு. கறை ஈரமாகி, வண்டி நின்ற இடத்தில் சொட்டு விழுந்தால்தான் பம்பின் காலம் முடிந்தது என்று பொருள்.

ஒரு லட்சம் கிலோமீட்டர் வரும், நன்றாக வைத்துக்கொண்டால் ஒன்றரை லட்சமும் தாண்டும் என்பது பட்டறைகளில் சொல்லும் பொதுக் கணக்கு. தப்பில்லை. ஆனால் வண்டி ஓடிய தூரத்தைவிட, உள்ளே என்ன ஓடியது என்பதே அந்தக் கணக்கை ஏற்றவோ இறக்கவோ செய்கிறது. மட்டம் குறைந்தால் கையில் கிடைத்த போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சூடான இடங்களில் உப்புப் படிவமாக ஒட்டும். பெயர்ந்து வரும் துணுக்குகள் சீலின் வழவழப்பான முகத்தைக் கீறும். குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் இரும்புத் தகடாக இருந்தால் துருப்பிடித்து இதழ்கள் மெலியும். அப்போது பம்ப் சுற்றும், தண்ணீரைத் தள்ளாது.

பனி கொட்டும் நாட்டுக்காரர்களுக்குத்தான் கூலன்ட் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. வெயில் ஊருக்கும் அது வேண்டும். எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை சுமார் 107 டிகிரி செல்சியஸ். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தத்தில் அது 125-ஐயும் தாண்டும். துருத்தடுப்பு மருந்தும் கலவையிலேயே இருக்கிறது. அது நாளடைவில் தீர்ந்துபோகும், நிறம் பளிச்சென்று இருந்தாலும். ஆகவே கையேடு சொல்லும் கெடுவில் மாற்றிவிட வேண்டும். நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்யவும் கூடாது; எந்த நிறம் எந்த வகை என்பதற்குப் பொது விதி கிடையாது.

ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் யாரும் கவனிப்பதில்லை. அழுத்தம் நிற்காவிட்டால், இம்பெல்லரின் பின்புறம் நுண்குமிழிகள் உண்டாகி, உடைந்து, உலோகத்தையே குழிகுழியாகத் தின்னும்.

பம்பே இல்லாமலும் கார் ஓடியிருக்கிறது. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் முதல் 2,500 வண்டிகளுக்குப் பிறகு பம்பை எடுத்துவிட்டார்கள். சூடான நீர் தானாக மேலேறும் இயல்பை மட்டுமே நம்பினார்கள். 20 குதிரைசக்திக்கு அது போதுமானதாக இருந்தது. இன்றைய இன்ஜினுக்கு அது கட்டாது.

பழைய அம்பாசடர் காரில் பம்பைச் சோதிப்பது எளிது; ஃபேனும் பம்பும் ஒரே ஷாஃப்டில். இன்ஜினை நிறுத்திவிட்டு ஃபேன் இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் போதும். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் கை சொல்லிவிடும். பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியதால் கெட்ட பேரிங்குகளும் ஏராளம்.

ஃபோக்ஸ்வாகனின் பல டீசல் இன்ஜின்களில் பம்பைச் சுழற்றுவதே டைமிங் பெல்ட்தான். அங்கே பம்ப் இறுகினால் பெல்ட் அறுந்து, வால்வுகள் பிஸ்டனில் மோதி, செலவு எங்கோ போய்விடும். பெல்ட் மாற்றும்போதே பம்பையும் மாற்றச் சொல்வது பட்டறைக்காரரின் பேராசை அல்ல. பம்பின் விலையைவிட, அதுவரை பிரித்துப் போகும் கூலிதான் அதிகம்.

புது பம்ப் போட்டதும் வேலை முடிந்துவிடாது. பழைய கேஸ்கெட் ஒட்டிய முகத்தைச் சுரண்டித் துடைத்து, உள்ளே தேங்கிய துருச் சேற்றை அலசி வெளியேற்றி, புதுக் கூலன்ட் ஊற்றி, சிக்கிய காற்றை எடுக்க வேண்டும். காற்று மிச்சமிருந்து, கூலன்ட் இறங்கி, வெப்ப சென்சார் வெறும் காற்றில் நின்றால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே வெப்பமானி முள் இயல்பு நிலையைக் காட்டக்கூடும். அதனால் அடுத்த சில நாட்கள், இன்ஜின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் கூலன்ட் டப்பாவின் மட்டத்தைப் பார்த்துவிட்டே வண்டியை எடுப்பது நல்லது.