கப்பல் தளத்திலிருந்து வந்த எதிரொலி

ஸ்வீடனின் தென்கோடியில் இருக்கிறது மால்மோ. ரயிலை விட்டு இறங்கி மேற்குத் துறைமுகத்துக்கு நடந்தே போய்விடலாம். உடம்பைத் திருகிக்கொண்டு 190 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் டர்னிங் டார்சோ கட்டடத்தை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் தேடி வந்தது இந்தத் துறைமுகத்தில் முன்பு இருந்த கோக்கும்ஸ் கப்பல் கட்டும் தளத்தை. இன்று அங்கே அடுக்கு வீடுகளும் கடல் காற்றும்தான். தளத்தின் ராட்சத கிரேன்கூட 2002இல் தென்கொரியாவுக்குப் போய்விட்டது.

இரும்புத் தகட்டுக்குள் விரிசல் இருக்கிறதா என்று அறிய, காதுக்கு எட்டாத ஒலியைச் செலுத்தி எதிரொலியைப் பார்க்கும் கருவி அந்தத் தளத்தில் இருந்தது. 1953இல், பக்கத்து ஊரான லுண்டிலிருந்து இதய மருத்துவர் எட்லரும் இயற்பியலாளர் ஹெர்ட்ஸும் அதைத் தேடி வந்தார்கள். ஹெர்ட்ஸ் தன் மார்பிலேயே வைத்துப் பார்த்தார். இதயம் துடிக்கத் துடிக்க, திரையில் எதிரொலியும் அசைந்தது! அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று லுண்டில் எடுத்த பதிவுதான் நாம் இன்று ‘எக்கோ’ என்கிற பரிசோதனையின் தொடக்கம்.

லுண்டுக்கு ரயிலில் கால் மணி நேரம்கூட ஆகாது. தேவாலயத்தின் பழைய கடிகாரம் அடிக்கும்போது பொம்மை அரசர்கள் வரிசையாக வந்து வணங்கிப் போகிறார்கள். அதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. எனக்கோ அங்கிருந்து நடை தூரத்தில் இருக்கும் மருத்துவமனைதான் பெரிய அதிசயம்.

எக்கோ பிறந்த அதே ஊரில்தான் பெண்களின் அடிவயிற்றுத் தொற்றையும் ஆராய்ந்தார்கள். கிளமிடியா, கொனோரியா போன்ற நோய்களின் கிருமிகள் கருப்பை வாயிலிருந்து மேலேறிக் கருக்குழாய்களைப் புண்ணாக்கும். பதின்வயதுப் பெண்களை இந்த அடிவயிற்றுத் தொற்று எளிதில் பிடிக்கிறது. சிலருக்குக் கடும் வலி, காய்ச்சல். சிலருக்கு லேசான வலியும் வெள்ளைப்படுதலும் மட்டும். குடல்வால் அழற்சியும் இதே போலத்தான் வலிக்கும். வெளியிலிருந்து தொட்டுப் பார்த்துச் சொல்வது எந்த அளவு சரி? லுண்டில் மருத்துவர்கள் யாக்கப்சனும் வெஸ்ட்ரோமும் இந்தத் தொற்று என்று கருதப்பட்ட 814 பெண்களுக்கு, வயிற்றில் துளையிட்டு லேப்ராஸ்கோப் என்ற பார்வைக் குழாயைச் செலுத்தி நேரிலேயே பார்த்தார்கள். 1969இல் வெளிவந்த முடிவு: 65 சதவீதம் பேருக்குத்தான் கருக்குழாயில் அழற்சி இருந்தது. மீதிப் பேரில் சிலருக்கு வேறு நோய்; பலருக்கு உள்ளே எந்தக் கோளாறும் தென்படவில்லை.

வலி என்று வரும் ஒவ்வொரு சிறுமிக்கும் மயக்க மருந்து கொடுத்து வயிற்றில் துளை போட முடியுமா? அங்கேதான் கப்பல் தளத்து ஒலி திரும்பி வருகிறது. அந்த எதிரொலியைக் காட்டும் ஸ்கேன் திரையில், நல்ல நிலையில் உள்ள கருக்குழாய் பெரும்பாலும் கண்ணில் படவே படாது. நோய் முற்றினால் சுவர் தடித்து, உள்ளே சீழும் நீரும் தேங்கிக் கறுப்பாகத் தெரியும். குறுக்குவெட்டில் உட்புற மடிப்புகள் பற்களாக நீட்டிக்கொண்டிருப்பதால் மருத்துவர்கள் அதைப் பல்சக்கரம் என்கிறார்கள். உடலுறவு கொள்ளாத பெண் என்றால், கருவியை உள்ளே செலுத்தாமல், சிறுநீர்ப்பை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி வயிற்றின் மேலேயே பார்ப்பார்கள். சினைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாலும் குடல்வால் வீங்கியிருந்தாலும் அதே திரை காட்டிக்கொடுக்கக்கூடும். 2013இல் இதே மால்மோவின் மருத்துவர்கள் ஸ்கேனையும் லேப்ராஸ்கோப்பையும் ஒப்பிட்டு, இரு பக்கமும் சினைப்பையை ஒட்டிய வீக்கம் கருக்குழாய் அழற்சிக்கு வலுவான அடையாளம் என்று எழுதினார்கள்.

ஆனால் தொடக்க நிலையில் திரை சுத்தமாகவே இருக்கலாம். ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஒரு பெண்ணை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்புவதை என்னால் ஏற்கவே முடியாது. லுண்ட் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த வெஸ்ட்ரோம் 1992இல் எழுதியது இது: ஒருமுறை தொற்று வந்தவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குக் கருக்குழாய் அடைபட்டுக் குழந்தைப்பேறு தடைபட்டது. மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தவர்களில் அது 40 சதவீதம். பின்னர் வந்த இன்னோர் ஆய்வின்படி, வலி தொடங்கி மூன்று நாளோ அதற்கு மேலோ தள்ளிப்போட்டு வந்தவர்களுக்கு, உடனே வந்தவர்களைவிடப் பாதிப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு.

ஸ்வீடன் ஊர்களில் இளைஞர்களுக்கென்றே தனி கிளினிக்குகள் உண்டு. கட்டணம் கிடையாது. அப்படி ஒன்றில் வேலை பார்க்கும் மருத்துவச்சியிடம் பேசினேன். “அடிவயிற்று வலியும் காய்ச்சலுமாக வந்தால் காக்க வைக்கவே மாட்டோம். நேரே மகளிர் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவோம்” என்றார். அங்கே முதல் வேலை, கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்வது. கருக்குழாயில் தங்கிய கருவும் இதே வலியைத்தான் தரும். பிறகு கிருமிப் பரிசோதனை, ஸ்கேன். தொற்றுதான் என்ற சந்தேகம் வலுவாக இருந்தால், முடிவுகள் வரும்வரை காத்திராமல் ஆன்டிபயாடிக்கைத் தொடங்கிவிடுவார்களாம்.